தீர்ப்பும் புறம்போக்கும்: லூயிஸ் - வால்காட் சண்டையை முன்வைத்து

1947 டிசம்பர் 5ஆம் தேதி இரவு, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், பதினைந்தாவது சுற்றின் மணி அடித்து ஓய்ந்ததும் ஜோ லூயிஸ் மேடையைவிட்டு இறங்கிப் போகப் பார்த்தார். முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை. பத்து வருஷத்துக்கும் மேலாக உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருக்கிற மனுஷன், தீர்ப்பைக் கேட்காமலேயே போகப் பார்க்கிறார். கூட இருந்தவர்கள் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. முகம் வீங்கிக் கிடந்தது. அன்றிரவு இரண்டு முறை தரையில் விழுந்து எழுந்திருந்தார். முதல் சுற்றிலேயே ஒரு முறை, நாலாவது சுற்றில் இன்னொரு முறை. இரண்டாவது தடவை ஏழு எண்ணும்வரை எழவில்லை. எதிரே நின்ற ஜெர்ஸி ஜோ வால்காட் ஒரு தடவைகூட விழவில்லை.

அப்புறம் மூன்று சீட்டுகள் வாசிக்கப்பட்டன. களத்துக்குள் நின்ற நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன்: வால்காட்டுக்கு 7 சுற்று, லூயிஸுக்கு 6, சமம் 2. வெளியே உட்கார்ந்திருந்த தீர்ப்பாளர் ஃபிராங்க் ஃபோர்ப்ஸ்: லூயிஸுக்கு 8, வால்காட்டுக்கு 6, சமம் 1. இன்னொரு தீர்ப்பாளர் மார்ட்டி மன்ரோ: லூயிஸுக்கு 9, வால்காட்டுக்கு 6. இரண்டுக்கு ஒன்று. பட்டம் லூயிஸிடமே தங்கியது. பதினெட்டாயிரம் பேருக்குமேல் கூடியிருந்த அரங்கம் கூச்சல் போட்டது. லூயிஸ் வால்காட்டிடம் போய் 'ஸாரி, ஜோ' என்று சொன்னதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின.

நமக்கு இந்த மாதிரிக் கதைகளை வாசிக்க ஒரு பழக்கம் இருக்கிறது. திருடப்பட்ட வெற்றி. ஏழை, கறுப்பன், பத்துக்கு ஒன்று என்று பந்தயக்காரர்களால் தள்ளுபடி செய்யப்பட்டவன், உழைத்து ஜெயிக்கிறான். நிறுவனம் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. வாசிப்பு ரெடிமேடாக இருக்கிறது, சண்டையை மட்டும் அதற்குள் திணித்தால் போதும். ஆனால் இந்தச் சண்டை அந்தச் சட்டைக்குள் நுழைய மறுக்கிறது. முதலாவது, 'பறித்தவன்' என்று நாம் சுட்டக்கூடிய சாம்பியனும் கறுப்பர்தான். அலபாமாவின் பருத்திக்காட்டுக் குத்தகைக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புத் தேடி டெட்ராய்ட்டுக்கு வந்து, ஃபோர்டு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டாவது, மூன்று அதிகாரிகளில் வால்காட் பக்கம் எழுதிய ஒரே ஆள் கோல்ட்ஸ்டீன். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு யூதக் குடியிருப்பிலிருந்து வந்த வெள்ளையர், பழைய குத்துச்சண்டைக்காரர். நிறவெறிக் கதையாடலை அப்படியே எடுத்து இதன்மேல் போர்த்தினால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அதற்காக இதில் நிறம் இல்லை என்றோ அதிகாரம் இல்லை என்றோ சொல்ல வரவில்லை. அது வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எங்கே என்று தேடுவதுதான் இக்கட்டுரையின் வேலை.

*

முதலில் எண்கள். நம் எழுத்தாளர்களுக்கு எண்கள் என்றால் ஒரு அலர்ஜி உண்டு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வால்காட் ஜெயித்த சுற்றுகள்: 7, 6, 6. மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறார்கள். தகராறு வால்காட்டைப் பற்றியதே அல்ல. லூயிஸ் ஜெயித்த சுற்றுகளைப் பாருங்கள்: 6, 8, 9. இங்கேதான் இடைவெளி. கோல்ட்ஸ்டீன் இரண்டு சுற்றுகளை 'யாருக்கும் இல்லை' என்று விட்டார். ஃபோர்ப்ஸ் ஒன்றை மட்டும் விட்டார். மன்ரோ ஒன்றையும் விடவில்லை. சுற்றுவாரியாக யார் எதை எப்படி எழுதினார்கள் என்பதை மொத்தக் கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் தொகை ஒன்றைச் சொல்கிறது. யாரும் தெளிவாக ஜெயிக்காத சுற்று என்று ஒன்று வரும்போது அது எந்தப் பக்கம் சாய்கிறது? சாம்பியன் பக்கம். நம்மூரில் புறம்போக்கு நிலம் யார் கைக்குப் போகும்? ஏற்கனவே பக்கத்தில் பண்ணை வைத்திருப்பவன் கைக்குத்தான். வேலியை நாலடி தள்ளி நட்டால் முடிந்தது. கேட்க ஆளில்லாத நிலம் உடைமைக்காரனை நோக்கி நகர்கிறது. பட்டாவில் ஒரு எழுத்தும் மாறுவதில்லை.

குத்துச்சண்டையில் இதற்கு ஒரு எழுதப்படாத சட்டம் உண்டு. சாம்பியனிடமிருந்து பட்டத்தை 'எடுக்க' வேண்டும், சும்மா கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எடுக்க வேண்டும் என்பார்கள். எந்த விதிப்புத்தகத்திலும் இது கிடையாது. விதிப்படி இரண்டு பேரும் மணி அடிக்கும்போது சமம். ஆனால் தீர்ப்பாளர், பத்திரிகையாளர், பந்தயக்காரர், ரேடியோவில் கேட்டுக்கொண்டிருக்கும் ஆள் எல்லோருக்கும் இது மனப்பாடம். பட்டம் என்பது சொத்தாகவும் சாம்பியன் அதன் அனுபோகதாரராகவும் ஆகிவிடுகிறார்கள். எதிராளி உரிமைகோரி வழக்குப் போட்டவன். நிரூபிக்கும் பொறுப்பு அவன் தலையில். இது ஒரு சொத்துரிமைச் சொல்லாடல். விளையாட்டின் பாஷையில் பேசுவதால் நமக்குச் சொத்து கண்ணில் படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அன்று நியூயார்க்கில் இருந்தது சுற்றுக் கணக்கு. ஒரு சுற்றை மயிரிழையில் ஜெயித்தாலும் ஒன்று, எதிராளியைத் தரையில் படுக்கவைத்து ஜெயித்தாலும் ஒன்று. வால்காட் நாலாவது சுற்றில் உலக சாம்பியனை ஏழு எண்ணும்வரை உட்காரவைத்தார். அந்தச் சுற்றின் விலையும், அப்புறம் ஏதோ ஒரு சுற்றில் லூயிஸ் இடது கையால் சும்மா நீட்டி நீட்டித் தட்டியதின் விலையும் ஒன்று. இந்தக் கணக்கில் வீழ்த்துதல் என்ற சம்பவத்துக்கே தனி மதிப்பு இல்லை.

அப்படியானால் இன்றைய முறைப்படி கணக்குப் போட்டால்? பல பேர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்: 'இப்போ இருக்கிற பத்துப் புள்ளி முறையில் வால்காட் சுலபமாய் ஜெயித்திருப்பார்.' சரி, போட்டே பார்ப்போம். ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9, விழுந்து தோற்றால் 8, சமம் என்றால் இருவருக்கும் 10. லூயிஸ் விழுந்த இரண்டு சுற்றுகளும் மூன்று சீட்டிலும் வால்காட்டுக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். அதில் பெரிய சந்தேகத்துக்கு இடமில்லை. கோல்ட்ஸ்டீன் சீட்டு வால்காட்டுக்கு 144, லூயிஸுக்கு 141 என்று ஆகும். மன்ரோ சீட்டு லூயிஸுக்கு 142, வால்காட்டுக்கு 141. ஃபோர்ப்ஸ் சீட்டு? 142க்கு 142. சமம்! ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம், ஒருவர் நடுவில். முடிவு டிரா. டிரா என்றால் பட்டம் யாரிடம் இருக்கும்? சாம்பியனிடமே இருக்கும்.

கணக்கை முடித்துவிட்டு நானே கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சீர்திருத்தப்பட்ட, நவீனமான, 'நியாயமான' முறையிலும் வால்காட் வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போகிறார். போகும் வழி மட்டும் மாறுகிறது. விதியைத் திருத்தினால் அநியாயம் போய்விடும் என்று நம்புகிற நம்முடைய சீர்திருத்தவாதத் தோழர்கள் இந்த 142ஐக் கொஞ்சம் முறைத்துப் பார்க்க வேண்டும்.

*

தீர்ப்பு என்பது 'தீர்' என்பதிலிருந்து வருகிறது. தீர்த்துவைப்பது. ஆனால் சில தீர்ப்புகள் எதையும் தீர்ப்பதில்லை. அங்கிருந்துதான் பேச்சே தொடங்குகிறது. ரோலண் பார்த் மல்யுத்தத்தைப் பற்றி எழுதிய கட்டுரை நம்மில் பலருக்குத் தெரியும். மல்யுத்தத்தில் ஒவ்வொரு கணமும் தனித்து அர்த்தம் தருவது, குத்துச்சண்டை அப்படியல்ல, அது பார்வையாளன் கண்முன் கட்டப்படும் ஒரு கதை என்பது அவர் வைக்கும் வேறுபாடு. கதை என்றால் முடிவு வேண்டும். நாக்-அவுட் கதையை உடம்பால் முடிக்கிறது. அது நடக்காதபோது கதையை முடிக்கும் பொறுப்பு மூன்று வாசகர்களிடம் போகிறது. ஒருவர் களத்துக்குள் சுற்றிச்சுற்றி வருகிறார், இருவர் வெவ்வேறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கண்ணுக்குப் படும் விலாக்குத்து இன்னொருவருக்கு முதுகால் மறைகிறது. மூன்று பிரதிகள். அவற்றில் இரண்டின் கூட்டல் 'உண்மை' ஆகிறது.

லூயிஸ் இப்படி வாசகர்களிடம் மாட்டியது மிக அபூர்வம். அவர் தன் பட்டத்தை மொத்தம் 25 தடவை காத்தார். மூன்றே மூன்று சண்டைகள்தான் பதினைந்து சுற்றும் ஓடித் தீர்ப்புக்குப் போயின: 1937இல் வேல்ஸ்காரர் டாமி ஃபார், 1940இல் சிலி நாட்டின் ஆர்துரோ கோதாய், அப்புறம் இந்த வால்காட். மற்றவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே அவர் கையாலேயே முடிந்தவை. 'தீர்ப்பு என் கையில் இருக்கிறது' என்று சொல்லத்தக்க ஆள் அவர். அப்படிப்பட்டவர் தீர்ப்புக்காக நிற்கவேண்டி வந்தபோதுதான் கயிற்றைத் தாண்டி இறங்கப் பார்த்தார்.

அந்த இறங்கல் ஒரு பிரதி என்றால் அதற்கு உடனே இரண்டு வாசிப்புகள் வந்தன. தோற்றுவிட்டோம் என்று அவருக்கே தெரியும், அதனால்தான் போனார் என்பது ஒன்று. இவ்வளவு மட்டமாக ஆடிவிட்டோமே என்று தன்மேலேயே கோபம், அதனால் போனேன் என்பது அவர் தரப்பு. 'ஸாரி, ஜோ' என்பதற்கும் அப்படியே. எதற்கு ஸாரி? உன் பட்டத்தை எனக்குக் கொடுத்துவிட்டார்களே என்றா, நல்லா ஆடியும் உனக்குக் கிடைக்கலையே என்றா? இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போவது. லூயிஸ் அதிகம் பேசாத மனுஷன். பேசாமல் இருக்கும்படி வளர்க்கப்பட்டவர் என்பதுதான் சரி.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1908இல் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில், 'வெள்ளை இனத்தின் நம்பிக்கை'யாக ஓய்விலிருந்து கூட்டிவரப்பட்ட ஜெஃப்ரிஸை அடித்து வீழ்த்தியபோது அமெரிக்காவின் பல நகரங்களில் கலவரம். கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1912இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: குத்துச்சண்டைப் படச்சுருள்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. விளையாட்டைத் தடை செய்யவில்லை, அதன் பிம்பத்தைத் தடை செய்தார்கள். கறுப்புக் கை வெள்ளை முகத்தில் விழுவதை ஊர் ஊராகப் பார்க்கக் கூடாது. இந்தச் சட்டம் 1940 வரை இருந்தது. அதாவது லூயிஸ் சாம்பியனாகி மூன்று வருஷம் கழித்துத்தான் போயிற்று.

ஜான்சன் சிரித்தார், வெள்ளைப் பெண்களோடு வெளிப்படையாக வாழ்ந்தார், விழுந்தவனைக் கேலி பேசினார். 1930களில் லூயிஸைக் கொண்டுவந்த மேலாளர்கள் ஜான் ராக்ஸ்பரோ, ஜூலியன் பிளாக். இருவருமே கறுப்பர்கள். அவர்கள் போட்ட நடத்தை விதிகள் ஜான்சனைத் தலைகீழாகக் கவிழ்த்து எழுதியவை. வெள்ளைப் பெண்ணோடு புகைப்படம் கூடாது. விழுந்த எதிராளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. காமிராவுக்கு முகத்தில் உணர்ச்சி காட்டக் கூடாது. ஒரு உடம்பை வெள்ளை அமெரிக்கா தாங்கிக்கொள்ளும்படி தயாரித்தார்கள். ஃபூக்கோ சொல்லும் 'பணிவான உடல்' என்பதற்கு நாம் ராணுவத்தையும் சிறையையும்தான் உதாரணமாக எடுக்கிறோம். 211 பவுண்டு எடையுள்ள ஒரு உலக சாம்பியனை எடுத்துக்கொண்டு பேசியிருக்கலாம்.

அந்தப் பணிவுக்குக் கிடைத்த பலனையும் பார்த்துவிடுவோம். 1942 ஜனவரியில் பட்டி பேருடன் மோதிச் சம்பாதித்ததைக் கடற்படை நிவாரண நிதிக்கும், மார்ச்சில் ஏப் சைமனுடன் மோதிச் சம்பாதித்ததை ராணுவ நிவாரண நிதிக்கும் கொடுத்தார். அவர் பணம் கொடுத்தபோது அந்தக் கடற்படை கறுப்பர்களைச் சாப்பாடு பரிமாறும் வேலைக்குத்தான் வைத்திருந்தது. அப்புறம் சிப்பாயாகப் போய் மூன்று வருஷத்துக்குமேல் இருந்தார். கறுப்பர் தனி, வெள்ளையர் தனி என்றிருந்த ராணுவம். திரும்பி வந்தபோது வருமான வரித்துறை கணக்கு நீட்டியது, நிதிக்குக் கொடுத்த பணத்துக்கும் சேர்த்து. தானம் செய்ததற்கு வரி! 1947இல் 33 வயதில், கால் தளர்ந்த பிறகும் லூயிஸ் ஏன் மேடை ஏறினார் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. இந்த வால்காட் சண்டையே முதலில் பட்டம் இல்லாத காட்சிச் சண்டையாகத் திட்டமிடப்பட்டதுதான். நியூயார்க் மாநில ஆணையம் ஒத்துக்கொள்ளாததால் பட்டச் சண்டை ஆயிற்று. வால்காட்டுக்கு வாய்ப்பு வந்தது இப்படி, பக்கவாட்டிலிருந்து.

*

வால்காட் என்பது சொந்தப் பெயரல்ல. ஆர்னால்ட் கிரீம். நியூஜெர்ஸியில் மெர்ச்சன்ட்வில் என்ற ஊர். அப்பா பார்படாஸ் தீவிலிருந்து வந்தவர். மகன் பதின்வயதில் இருக்கும்போதே இறந்துபோனார். பார்படாஸ்காரராக அறியப்பட்ட பழைய வெல்டர்வெயிட் சாம்பியன் ஜோ வால்காட்டின் பெயரை மகன் எடுத்துக்கொண்டார். 1930இல், பதினாறு வயதில் காசுக்குச் சண்டை போட ஆரம்பித்தார். பொருளாதார மந்தக் காலம். வீடு நிறையப் பிள்ளைகள். நிவாரணப் பணத்தில் குடும்பம் ஓடிய காலமும் உண்டு. சண்டை கிடைத்தால் சண்டை, இல்லாவிட்டால் கிடைத்த கூலி வேலை, நடுவில் வருஷக்கணக்கில் சண்டையே இல்லை. 1936இல் லூயிஸின் பயிற்சி முகாமில் கூலிக்கு அடிவாங்க நின்றவர்களில் ஒருவராக இருந்ததும், அங்கே ஒரு நாள் லூயிஸைக் கீழே தள்ளியதால் சீட்டுக் கிழிக்கப்பட்டதும் அவர் தரப்புக் கதை. மெய்யோ, பின்னால் சேர்ந்ததோ, 1947இல் எல்லோரும் அதைச் சொன்னார்கள்.

பத்திரிகைகள் அவரைக் 'கிழவர்' என்றன. வயதை மறைக்கிறார் என்றன. பதிவின்படி அவர் பிறந்தது 1914 ஜனவரி, லூயிஸ் 1914 மே. நாலு மாசம் மூத்தவர். ஒருவர் சாம்பியன், இன்னொருவர் கிழவர். வறுமை சேர்க்கிற வயதைத்தான் அவர்கள் எண்ணினார்கள்போல.

இனி நான் முக்கியம் என்று நினைக்கும் ஒரு கணக்கு. வால்காட்டுக்கு முன்னால் லூயிஸ் பட்டத்தைக் காத்தது 23 தடவை. அந்த 23இல் எதிராளி கறுப்பராக இருந்தது எத்தனை தடவை? ஒரே தடவை. 1939 ஜனவரியில் ஜான் ஹென்றி லூயிஸ். முதல் சுற்றிலேயே முடிந்தது. அதற்கு முன்னால், உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக இரண்டு கறுப்பர்கள் மோதியது என்றால் 1913 டிசம்பரில் பாரிஸில் ஜாக் ஜான்சனும் ஜிம் ஜான்சனும். அமெரிக்காவில்கூட அல்ல. ஜாக் ஜான்சனே தன் காலத்தின் மிகச் சிறந்த கறுப்பர்களில் ஒருவரான சாம் லாங்ஃபோர்டுக்குச் சாம்பியனாக இருந்தவரை வாய்ப்புக் கொடுக்கவில்லை. வெள்ளையரோடு மோதினால்தான் கூட்டம், காசு. 1920களில் ஹாரி வில்ஸ் வருஷக்கணக்கில் டெம்ப்ஸியின் வாசலில் நின்றார். ஒப்பந்தம்கூட எழுதப்பட்டது. சண்டை நடக்கவில்லை.

தவறாகச் சொல்லப்பட்ட தீர்ப்பைப் பற்றி எழுபது எண்பது வருஷமாகப் பேச்சு நடக்கிறது. புத்தகத்தில் இருக்கிறது, படச்சுருள் இருக்கிறது, சீட்டின் எண்கள் இருக்கின்றன. நடக்கவே நடக்காத சண்டைக்குச் சீட்டு இல்லை. அதன் தீர்ப்பை யாரும் மறுக்க முடியாது. ஏனென்றால் தீர்ப்பே இல்லை. வில்ஸுக்கு இழைக்கப்பட்டதை எந்தச் சீட்டில் போய்ப் படிப்பது? 'வால்காட்டை ஏமாற்றிவிட்டார்கள்' என்ற ஆவேசம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஆவேசமே இன்னொன்றை மறைக்கிற திரையாகவும் வேலை செய்கிறது. அன்று வால்காட் இருந்த இடம் ஒரு சலுகையின் இடம். ஏமாற்றப்படுவதற்கான வாய்ப்பாவது அவருக்குக் கிடைத்தது.

*

சண்டைக்கு வருவோம். வால்காட்டின் ஆட்டம் பின்னோக்கிய ஆட்டம். கால்களை மாற்றி மாற்றி வைப்பார். திடீரென்று திரும்பி, 'போதும்பா, நான் போறேன்' என்கிற மாதிரி இரண்டடி நடப்பார். எதிராளி ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது திரும்பி வலது கை வரும். லூயிஸின் முழுப் பயிற்சியும் முன்னால் வருகிறவனையோ மூலையில் மாட்டியவனையோ அடிப்பதற்கானது. குறுக்கே நடந்துபோகிறவனை என்ன செய்வது? அன்றிரவு பாதி நேரம் உலகத்திலேயே துல்லியமான கைகள் ஆள் இல்லாத இடத்தைக் குத்திக்கொண்டிருந்தன.

கடைசி மூன்று சுற்றுகளில் வால்காட் இன்னும் விலகி விலகிப் போனார். நீதான் முன்னால் இருக்கிறாய், மாட்டிக்கொள்ளாதே என்று அவர் மூலையில் சொல்லியிருந்தார்கள். லூயிஸ் துரத்தினார். மறுநாள் தீர்ப்பை நியாயப்படுத்தியவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: ஓடினவனுக்கு எப்படிப் பட்டம் கொடுப்பது?

இந்த 'ஓடினான்' என்ற சொல்லைக் கொஞ்சம் கட்டுடைக்க வேண்டும். முன்னால் வருகிறவன் ஆண், பின்னால் போகிறவன் கோழை என்ற மதிப்பீடு விதிப்புத்தகத்திலும் 'ஆக்ரோஷம்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. விதி கேட்பது பலன் தரும் ஆக்ரோஷம். அடி விழாமல் சும்மா துரத்துவது அதில் சேராது. ஆனால் பார்க்கிற கண்ணுக்குத் துரத்துகிறவன்தான் சண்டையை 'நடத்துகிறான்'. அதே பின்னோக்கிய காலை ஒரு சாம்பியன் வைத்தால் அதற்குப் பெயர் வேறு: சாதுரியம், அனுபவம், நிதானம். எதிராளி வைத்தால் ஓட்டம். கால் ஒன்றுதான், பெயரை வைப்பது இடம். கெரில்லாப் போர் பற்றி நிறையப் படித்திருக்கிற நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எடையில் பதினேழு பவுண்டு குறைந்தவன் நேருக்கு நேர் நின்று அடிவாங்கினால்தான் 'தகுதி' என்றால் அந்தத் தகுதியை யார் யாருக்காக வகுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

அதோடு, வால்காட் தரப்பு ஒரு தப்பும் செய்தது. சீட்டுகளைத் தாங்களும் படித்துவிட்டதாக நினைத்தார்கள். மூன்று சுற்றை விட்டுக்கொடுத்தாலும் ஜெயித்துவிடுவோம் என்பது நியாயம் தன்போக்கில் நடக்கும் என்று நம்புகிறவனின் கணக்கு. நிறுவனத்தின்மேல் உள்ள நம்பிக்கை அது. சி.எல்.ஆர். ஜேம்ஸ் தன் கிரிக்கெட் நூலில், டிரினிடாட்டில் பள்ளிப் பையன்களாக இருக்கும்போதே நடுவரின் தீர்ப்பை முணுமுணுக்காமல் ஏற்கிற ஒழுக்கத்தை உள்வாங்கிக்கொண்டதைச் சொல்கிறார். மைதானத்துக்கு வெளியே அதே பையன்கள் எவ்வளவோ தில்லுமுல்லு செய்வார்கள், உள்ளே மட்டும் நடுவர் சொன்னால் சொன்னதுதான்.

யார்தான் ஜெயிச்சாங்க, சொல்லிடுங்க என்று கேட்டால், என் சீட்டு கோல்ட்ஸ்டீன் பக்கம். களத்துக்கு அருகில் இருந்த பத்திரிகையாளர்களிலும் பெரும்பாலோர் வால்காட் என்றே எழுதினார்கள். ஆனால் ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் இரண்டு சுற்று. கொள்ளை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. கொள்ளை என்றால் சுலபமாக இருந்திருக்கும். குற்றவாளியைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். ஃபோர்ப்ஸும் மன்ரோவும் காசு வாங்கினார்கள் என்று நினைக்க எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. நேர்மையாகத்தான் எழுதியிருப்பார்கள். நேர்மையான இரண்டு பேர் தங்களையறியாமலேயே வேலியை நாலடி தள்ளி நட்டார்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

*

1948 ஜூன் 25, யாங்கி ஸ்டேடியம். மறுபடியும் இதே இருவர். மூன்றாவது சுற்றில் வால்காட் மறுபடியும் லூயிஸைக் கீழே தள்ளினார். பதினோராவது சுற்றில் லூயிஸ் அவரைப் பிடித்துவிட்டார். நாக்-அவுட். 'பார்த்தாயா, அன்றைக்கும் சரியான தீர்ப்புத்தான்' என்று சொன்னவர்கள் உண்டு. ஆறு மாசம் கழித்து நடந்ததை வைத்து ஆறு மாசத்துக்கு முந்தியதை நிரூபிப்பது வரலாற்று எழுத்தில் நாம் நிறையப் பார்த்த வித்தைதான்.

1949 மார்ச்சில் லூயிஸ் ஓய்வு அறிவித்தார். அவரையும் சேர்த்துக்கொண்டு புதிதாக முளைத்த ஒரு வணிக அமைப்பு, இன்டர்நேஷனல் பாக்ஸிங் கிளப், அமெரிக்கக் குத்துச்சண்டையை வளைத்துப்போட்டது. ஏகபோகம் என்று உச்ச நீதிமன்றம் அதற்குத் தீர்ப்பு எழுத 1959 ஆயிற்று. வரிக்கடன் லூயிஸைத் திரும்பவும் மேடையேற்றியது, பிறகு 1956இல் காசுக்கு மல்யுத்த மேடைக்கும் கொண்டுபோனது. கடைசியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் வருகிறவர்களைக் கைகுலுக்கி வரவேற்கும் வேலை. 1981இல் இறந்தார். 1986இல் டெட்ராய்ட் நகரின் நடுவே அவருக்கு வைத்த நினைவுச்சின்னத்தில் முகம் கிடையாது, உடம்பு கிடையாது. தொங்கவிட்ட 24 அடி நீளக் கை, ஒரு முஷ்டி.

வால்காட் விடவில்லை. 1949லும் 1951 தொடக்கத்திலும் எஸ்ஸார்ட் சார்ல்ஸிடம் தீர்ப்பில் தோற்றார். 1951 ஜூலை 18 அன்று பிட்ஸ்பர்கில் அதே சார்ல்ஸை ஏழாவது சுற்றில் ஒரே இடதுகைக் குத்தில் வீழ்த்திச் சாம்பியன் ஆனார். 37 வயது. 1994இல் ஜார்ஜ் ஃபோர்மன் வரும்வரை அவ்வளவு வயதில் அந்தப் பட்டத்தை ஜெயித்தவர் யாரும் இல்லை. சீட்டுக்கு வேலை வைக்காமல் எடுத்தார். 1952 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ராக்கி மார்சியானோவிடம் அதை இழந்தபோது பன்னிரண்டு சுற்று முடிவில் மூன்று சீட்டிலும் முன்னால் இருந்தவர் அவர்தான். பதின்மூன்றாவது சுற்றில் ஒரு வலது கை. மூன்று சீட்டும் குப்பை.

பின்னாளில் அவர் ஷெரிஃபாகவும் நியூஜெர்ஸி மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராகவும் ஆனார். அதற்கு முன்னால் கொஞ்ச காலம் நடுவராகவும் இருந்தார். 1965 மே 25, மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிற்றூர். முகமது அலி, சன்னி லிஸ்டன் இரண்டாவது சண்டை. முதல் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்தார். அலி விலகிப் போகாமல் அவர்மேல் நின்று எழுந்து சண்டை போடு என்று கத்தினார். நடுவர் வால்காட் அலியை ஒதுக்கப் பாடுபட்டதில் எண்ணிக்கையை எடுக்கவே இல்லை. லிஸ்டன் எழுந்தார், இருவரும் மறுபடி மோதத் தொடங்கினார்கள். அதற்குள் கீழேயிருந்து பத்திரிகை ஆசிரியர் நாட் ஃபிளைஷர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார், பத்துக்குமேல் ஆகிவிட்டது என்று. மோதிக்கொண்டிருந்த இருவரையும் அப்படியே விட்டுவிட்டு வால்காட் கயிற்றோரம் போய்க் குனிந்து கேட்டார். திரும்பி வந்து அலியின் கையைத் தூக்கினார். அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட நேரம் ஒரு நிமிடம். படச்சுருளில் எண்ணினால் 2 நிமிடம் 12 வினாடி.